ஏழாம் நம்பர் அறையில் ஒரு ராத்திரி

மரகதத்துக்குக் கிடைத்தது ஹாட்பாக்ஸ். வீணாவுக்குக் கிடைத்தது அரண்மனை. விஷயம் அவ்வளவுதான், இதில் விளக்க ஒன்றுமில்லை என்றுதான் மரகதம் சொல்வாள். வயிறு எரிகிறவர்கள் எப்போதும் கதையைக் கடைசியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நாம் கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

மரகதம் பெங்களூர் ஜோகுபாளையத்தில் பிறந்து மர்பி டவுனுக்கு வாழ்க்கைப்பட்டவள். இரண்டுக்கும் நடுவில் நடந்தால் கால்மணி நேரம்கூட ஆகாது. அதனால் பிறந்த வீட்டை நினைத்து அழக்கூட அவளுக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று. புருஷன் முனிராஜ் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். ஒரே பெண் மமதா, பி.யு. இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ, படிக்கிறாள். அதே வீட்டின் மாடியில் முனிராஜின் தம்பி கண்ணா குடியிருக்கிறான். ஏர்போர்ட் டாக்சி ஓட்டுகிற அந்தக் கண்ணாவின் மனைவிதான் வீணா. அதாவது மரகதத்துக்கு ஓரகத்தி. மாடியில் அவர்கள் இரண்டே பேர்தான்.

மரகதம் வேலை செய்யும் இடம் ஒரு காலத்தில் அரண்மனை. ஏதோ ஒரு சின்ன சமஸ்தானத்து ராஜா, பெங்களூர்க் குளிருக்கு ஆசைப்பட்டுக் கட்டியது. ராஜா போனார். ராஜாவின் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டுக் களைத்துப் போனார்கள். கடைசியில் ஒரு கம்பெனி அதை வாங்கி, சுண்ணாம்பும் வார்னிஷும் அடித்து, பதினான்கு அறைகளோடு ஹோட்டல் ஆக்கியது. அது திறந்த வருஷமே மரகதம் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்தாள். பதினேழு வருஷம் ஆகிறது. மேனேஜர்கள் எட்டுப் பேர் வந்து போய்விட்டார்கள். மரகதமும் சுவரில் தொங்கும் ராணிகளும்தான் மாறாமல் இருக்கிறார்கள்.

அதில் ஏழாம் நம்பர் அறை ராணி படுத்த அறை என்று சொல்லிக்கொள்வார்கள். படுத்தாளோ இல்லையோ, கட்டில் மட்டும் ராணிக்கு ஏற்ற கட்டில். ஏறுவதற்கு மூன்று படி வைத்த மர முக்காலி, நான்கு மூலையிலும் தூண், மேலே வலைத்துணி. அந்தக் கட்டிலில் விரிப்பு விரிக்க மற்றவர்களுக்கு இரண்டு ஆளும் பத்து நிமிஷமும் வேண்டும். மரகதம் ஒற்றை ஆளாக ஐந்து நிமிஷத்தில் முடிப்பாள். ஓரத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதில் உட்கார்ந்ததில்லை. கெஸ்ட்டின் கட்டிலில் உட்கார்ந்தால் வேலை போய்விடும்.

மமதா ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் கேட்டாள். "மா, நீ ராஜா ஊட்லதானே வேலை செய்யறே? என்னை எப்போ இட்டுனு போவே?" மரகதம் யோசிக்காமல் சொன்னாள். "ஒருநாள் ராத்திரி நாம ரெண்டு பேரும் ராணி கட்டில்ல படுத்துத் தூங்கலாம், சரியா?" குழந்தைக்குச் சொன்னது. ஆனால் சொன்னவளுக்கே அது மனதில் தங்கிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை ஊழியர் குடும்பங்களைப் பின்பக்கத்துப் புல்வெளிக்கு அழைத்துப் பிரியாணி போடுவார்கள். மாடிப்படி பக்கம் கயிறு கட்டியிருக்கும். மமதா அந்தக் கயிற்றருகே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். அவள் வளர்ந்தபிறகு கேட்பதை விட்டுவிட்டாள். மரகதம் நினைப்பதை விடவில்லை.

வீணாவை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது யார்? மரகதம்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஹவுஸ்கீப்பிங் பொறுப்பாளர் லாயிட்டின் பின்னாலேயே ஒரு மாதம் சுற்றி, "என் ஓரகத்தி சார், கை சுத்தம், வாய் அடக்கம்" என்று சர்ட்டிபிகேட் கொடுத்து உள்ளே நுழைத்தாள். துண்டை மடிப்பதிலிருந்து குளியல் தொட்டியைத் தேய்ப்பது வரை கற்றுக்கொடுத்தாள். வீணா எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, மரகதத்திடம் இல்லாத ஒன்றைக் கூடவே சேர்த்துக்கொண்டாள். சிரிப்பு. தாழ்வாரத்தில் எதிரே யார் வந்தாலும் முகமெல்லாம் பல்லாக ஒரு "குட் மார்னிங்". வெள்ளைக்காரர்கள் சொக்கிப் போனார்கள். போகும்போது கருத்துப் புத்தகத்தில் வீணா, வீணா என்று எழுதிவிட்டுப் போனார்கள். மரகதத்தின் விரிப்பில் தூங்கி எழுந்தவர்கள்கூட வீணாவின் பெயரைத்தான் எழுதினார்கள். தூங்குகிறவனுக்கு விரிப்பு விரித்தவள் எப்படித் தெரிவாள்?

போன வருஷம் சிறந்த ஊழியர் பரிசு மரகதத்துக்குத்தான் வந்தது. மேடையில் ஏற்றி, சால்வை போர்த்தி, ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். மூன்று அடுக்கு, பூப்போட்டது. பெருமையாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இந்த வருஷம் ப்ரஹ்லாத் என்று புது ஜெனரல் மேனேஜர் வந்தார். ஹாட்பாக்ஸெல்லாம் பழைய காலம் என்றார். சிறந்த ஊழியர், தனக்குப் பிடித்த ஒருவரை அழைத்துக்கொண்டு, ஒரு ராத்திரி இந்த அரண்மனையிலேயே கெஸ்ட்டாகத் தங்கலாம் என்றார். ஏழாம் நம்பர் அறை என்றார். பெயர் வீணா என்றார்.

கேன்டீனில் எல்லோரும் கை தட்டினார்கள். மரகதமும் தட்டினாள். உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். ஒரே ஒரு வருஷம். அந்த மனுஷன் ஒரே ஒரு வருஷம் முன்னால் மாற்றலாகி வந்திருக்கக் கூடாதா?

அன்றைக்குச் சாயங்காலம் வீணா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மரகதம் ஹாட்பாக்ஸில் சப்பாத்தி போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவர் வரமாட்டாராம். அந்த மாதிரி எடத்துல தூக்கம் வராது, டூட்டிய உட முடியாதுன்றார்" என்றாள் வீணா. "எனக்கு வேற யாருக்கா இருக்காங்க? பாப்பாவை இட்டுனு போகட்டா?"

மரகதம் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே இறுகிவிட்டிருந்தது.

உள்ளே படித்துக்கொண்டிருந்த மமதா புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "நெஜமாவா சித்தி? ராணி ரூமா?" என்று கேட்டுக்கொண்டே வீணாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். பிறகுதான் அம்மா இருப்பது ஞாபகம் வந்தது. "மா, போகட்டா?"

போகாதே என்று சொல்ல மரகதத்துக்கு நூறு காரணம் இருந்தது. அதில் ஒன்றுகூட வாய்விட்டுச் சொல்லும்படி இல்லை. "போயேன். என்னைக் கேட்டு இன்னா இருக்குது?" என்றாள். அதை அந்தப் பெண் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டது. பதினொரு வருஷமாக மரகதம் மனதுக்குள் பத்திரமாக வைத்திருந்த ராத்திரியை, சிரித்துச் சிரித்தே ஒருத்தி கையில் வாங்கிக்கொண்டு மாடியேறிப் போய்விட்டாள்.

இது போதாதென்று, குறிப்பிட்ட நாளன்று லாயிட் அவளைக் கூப்பிட்டார். "மரகதம், செவன் நீதான் பண்ணணும். கேர்புல்லா பண்ணும்மா. வீணா சும்மா வந்து தூங்கிட்டுப் போற ஆளில்ல. ப்ரஹ்லாத் சார் அவளுக்கு எழுதிக் கொடுக்க ஒரு ஃபாரம் கொடுத்திருக்கார். ரூம்ல கண்ணுல பட்ட மூணு குறை எழுதியே ஆகணும். நமக்குத் தெரியாத குறை நம்ம ஆளுக்குத்தானே தெரியும்?"

அதாவது, மரகதம் தயார் செய்யும் அறையில் வீணா ராணி மாதிரி படுத்து எழுந்து, பிறகு மரகதத்தின் வேலையில் மூன்று குறையும் எழுதுவாள். எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு மரகதம் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏழாம் நம்பர் அறைக்குள் போனாள்.

அன்றைக்கு அவள் செய்த வேலையை யாராவது பார்த்திருக்க வேண்டும். கோபத்தில் பாத்திரம் தேய்த்தால் பளபளக்கும் என்பார்களே, அந்த மாதிரி அறையே பளபளத்தது. கட்டில் தூணின் பூ வேலைப்பாட்டுக்குள் பல்குத்தும் குச்சியை விட்டுத் தூசி எடுத்தாள். தலையணைகளைத் தட்டித் தட்டி நிறுத்தினாள். அந்தத் தட்டலில் கொஞ்சம் வீணாவுக்குச் சேரவேண்டியதும் இருந்தது. குளியலறைக் குழாயில் முகம் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் இன்னொருமுறை துடைத்தாள். எழுதுடி பார்க்கலாம், மூணு குறை.

கடைசியாக மேற்குப் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள்.

அந்த ஜன்னலில்தான் விஷயம் இருக்கிறது. ராஜா காலத்துத் தேக்குக் கதவு. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் விரல் நுழையாத ஓர் இடைவெளி. ஆடிக் காற்று அடித்தால் ராத்திரி முழுக்க டக் டக் என்று தட்டிக்கொண்டே இருக்கும். பாரம்பரியக் கட்டடம், பழைய மரத்தில் உளி படக்கூடாது என்று தச்சனை விடமாட்டார்கள். ஆரம்ப வருஷங்களில் ஏழாம் நம்பரில் தங்கியவர்களெல்லாம் கண் சிவந்துதான் கீழே வந்தார்கள். மரகதம்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். தடித்த காகிதம் ஒன்றை எட்டாக மடித்து, மடிப்பு நிற்கப் பல்லால் ஒரு கடி கடித்து, அந்த இடைவெளியில் சொருகிவிட்டால் சத்தம் போன இடம் தெரியாது. அறை தயார் செய்யும்போது நாற்பத்திரண்டு விஷயங்களைச் சரிபார்த்து டிக் போடவேண்டும். அந்தப் பட்டியலில் இந்தக் காகிதம் இல்லை. லாயிட்டுக்கே தெரியாது. வேலை கற்றுக்கொடுத்த நாட்களில் ஒரே ஒருத்திக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.

மடித்த காகிதம் ஏப்ரனில் தயாராக இருந்தது. கை உள்ளே போயிற்று. அங்கேயே நின்றது.

பட்டியலில் இல்லாததைச் செய்யவில்லை என்று யார் கேட்கமுடியும்? அறையில் குறையில்லை. நாற்பத்திரண்டுக்கும் டிக். ஜன்னல் தட்டினால் அது ராஜாவின் குற்றம். தூங்கட்டும், ராணியம்மா நன்றாகத் தூங்கட்டும். மரகதம் வெறுங்கையை வெளியே எடுத்தாள், விளக்கை அணைத்தாள், கதவைச் சாத்தினாள். மூன்று நாளில் முதல்முறையாக அவளுக்கு மனது லேசாக இருந்தது.

அந்த லேசு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்தான் நின்றது. பாய் விரிக்கும்போது மர்பி டவுனிலும் காற்று ஆரம்பித்துவிட்டது. தகரக் கூரைகள் படபடத்தன. அடிடா அடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பக்கத்தில் மமதாவின் பாயைப் பார்த்தாள். சுருட்டி வைத்தபடி இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கட்டிலில் படுத்திருப்பது வீணா மட்டுமல்ல. எறும்பு நடந்தாலும் விழித்துக்கொள்கிற பெண் அது. வாழ்க்கையில் ஒரே ஒரு ராத்திரி ராணி கட்டிலில் படுத்திருக்கிறது. வீணாவைத் தூங்கவிடாமல் செய்கிற அவசரத்தில் சொந்தப் பெண்ணை மறந்துவிட்டிருந்தாள். "இன்னாடி பொரண்டுனே கீறே?" என்று முனிராஜ் கேட்டான். "காத்து" என்றாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு இருவரும் படியிறங்கி வந்தார்கள். கயிறு கட்டாத மாடிப்படி. வீணா நல்ல பட்டுச்சேலை கட்டியிருந்தாள். மரகதம் கையில் துடைப்பத்தோடு தூணோரம் நின்றாள். முதலில் மமதாவின் கண்களைத்தான் பார்த்தாள். சிவந்திருக்கவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

மமதா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மா! நீ இவ்ளோ பெரிய ஆளுன்னு எனக்குத் தெரியாது. ஜன்னல்ல பேப்பர் மடிச்சு வப்பியாமே? சித்தி காட்டினாங்க. 'இந்தப் பேலஸ்ல யாருக்கும் தெரியாத வித்தை இது, உங்கம்மா கண்டுபிடிச்சது, நமக்காக வச்சிட்டுப் போயிருக்காங்க பாரு'ன்னாங்க. வெளிய பயங்கர காத்துமா. உள்ள ஒரு சத்தம் இல்ல."

மரகதம் நிமிர்ந்து வீணாவைப் பார்த்தாள். வீணா லாயிட்டிடம் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

அவர்கள் போனபிறகு லாயிட் அந்த ஃபாரத்தோடு வந்தார். "ரெண்டு குறைதான் எழுதியிருக்கா. முக்காலிப் படி வழுக்குதாம், டீ கப் சின்னதாம். மூணாவது எவ்ளோ தேடியும் கெடைக்கலன்றா. சார் கிட்ட நான் என்ன சொல்றது? நீ ஏம்மா இப்படி பண்றே?" என்று பாராட்டா திட்டா என்று தெரியாமல் சொல்லிவிட்டுப் போனார்.

ஏழாம் நம்பர் அறையைத் திறந்ததும் மரகதம் நேராக ஜன்னலுக்குப் போனாள். இடைவெளியில் ஒரு காகிதம் சொருகியிருந்தது. எட்டாக மடித்து, பல்லால் கடித்து, அவள் கற்றுக்கொடுத்தபடியே. பிடுங்கிப் பிரித்தாள். கெட்டியான சந்தன நிற அட்டை, மேலே தங்கக் கிரீடம். "மதிப்பிற்குரிய திருமதி வீணா அவர்களே, எங்கள் அரண்மனை இன்று உங்கள் இல்லம்." கீழே ப்ரஹ்லாத்தின் கையெழுத்து, பேனா மையில். கெஸ்ட்டுகள் சில பேர் இதைக் குப்பையில் போட்டுவிட்டுப் போவார்கள். மர்பி டவுன் வீட்டில் இப்படி ஒன்று வந்தால் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள். அதைத்தான் வீணா பல்லால் கடித்திருந்தாள்.

மரகதத்துக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பரிசையும் எடுத்துக்கொண்டாள், பெண்ணையும் ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டாள், கடைசியில் நல்லவள் என்ற பேரையும் அவளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒருத்தி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் இன்னொருத்திக்கு என்னதான் மிச்சம்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடியேறினாள். வீணா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மரகதம் அட்டையை நீட்டினாள்.

"ஐயோ, அதை ஏன்க்கா எடுத்தே? இன்னிக்கு வர்றவங்களுக்கு சத்தம் வராதா?"

"அங்க வேற வச்சிட்டுதான் வந்தேன்." மூச்சு வாங்கியது. "நேத்து நான் மறந்து போவல வீணா."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுதான் பாப்பா கிட்ட அப்படிச் சொன்னியா? எனக்கு நல்ல பேர் வாங்கிக் குடுத்து உனக்கு இன்னா ஆவணும்?"

வீணா அட்டையை வாங்கி, தொடையில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். எட்டு மடிப்பும் அப்படியேதான் இருந்தன.

"ரூமுக்குள்ள போனதும் பாப்பா பாத்ரூம் பார்க்க ஓடிச்சு. நான் ஜன்னலத்தான் பார்த்தேன். நீ பேப்பர் வச்சிருக்க மாட்டேன்னு நெனச்சேன். நானா இருந்தா தாப்பாளே போடாம வந்திருப்பேன்" என்றாள். சிரிக்கவில்லை. மரகதம் அவளைச் சிரிப்பில்லாமல் பார்த்ததே அபூர்வம். "பன்னெண்டு வருசமா மாடிலேர்ந்து கீழ பார்த்துட்டுதான் இருக்கேன்க்கா. நீ பாப்பாவுக்குத் தலை பின்னுவே, திட்டுவே, ஸ்கூலுக்கு அனுப்புவே. எனக்கு வயிறு எரியாத நாளே இல்ல. நேத்து ஒரு ராத்திரிதான் எரியல. அதுல போயி அந்த ஜன்னல் டக் டக்னு அடிச்சிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

வீணா துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உன் கிட்ட இன்னொண்ணு சொல்லணும்க்கா. காலைல நாஷ்டா சாப்பிடறப்போ பக்கத்து டேபிள்ல ஒரு வெள்ளைக்கார அம்மா. உங்க பொண்ணானு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன்."

"பாப்பா?"

"அவ ஒண்ணும் சொல்லல. தோசை சாப்பிட்டுட்டே இருந்தா."

கட்டிலை விட்டுக்கொடுக்கலாம். கருத்துப் புத்தகம், சால்வை, கைதட்டல், எல்லாவற்றையும் மரகதம் அந்த நிமிஷம் விட்டுக்கொடுத்துவிடுவாள். அந்தத் தோசையை மட்டும் முடியவில்லை. பெற்றவள் கீழே அதே கட்டடத்தில் யாருடையதோ அழுக்குத் துண்டை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்ட தோசை. கேட்கத்தான் வேண்டும். ஏண்டி சொல்லலை என்று நிற்கவைத்துக் கேட்கத்தான் வேண்டும். திரும்பி, தடதடவென்று படியிறங்கினாள்.

மமதா வாசலில் நின்றிருந்தாள். மேலே ஏதோ பேச்சு நடந்தது அவளுக்குக் கேட்டிருக்கிறது. முகத்தில் ஒரு பயம். சித்தி எதைச் சொன்னாளோ என்கிற பயம் என்று மரகதத்துக்குத் தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள். இப்போது ஒரு வார்த்தை கேட்டால் போதும். இந்தப் பெண் அழுதுவிடும், சமாதானம் சொல்லும், நீதான் மா என்று சத்தியம் செய்யும், மாடிக்குப் போவதை இரண்டு வாரம் நிறுத்தும். மேலே நிற்கிறவளுக்கு அந்த ஒரு ராத்திரியும் இல்லாமல் போய்விடும்.

"இன்னாம்மா சொன்னாங்க சித்தி?" என்று மமதா மெதுவாகக் கேட்டாள்.

மரகதத்துக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள். "அங்க தோசை நல்லா இருந்துச்சாம்."